பங்கு விலையும் தானியங்கி எச்சரிக்கைக் குறிகளும்

தென்மேற்குப் பருவமழை எந்நாளில் தொடங்கியது என்று துணிந்து கூறுதல் எளிதன்று. திருவனந்தபுரம் மாவட்டத்தில், அகத்தியர்கூடத்தின் அடிவாரத்திலுள்ள போனக்காட்டில், மே மாதத்தில் ஒரு நாள் மாலை கனமழை பெய்யலாம். அது வெறும் கோடை இடிமழையாகவும் இருக்கக்கூடும். ஆகவே இந்திய வானிலைத் துறை இதற்கென ஒரு விதியை வகுத்துள்ளது. மே 10-ஆம் தேதிக்குப் பின், திருவனந்தபுரம், புனலூர், கொச்சி, மங்களூர் முதலிய 14 நிலையங்களுள் 60 சதவீதத்திற்குக் குறையாதவற்றில், தொடர்ந்து இரண்டு நாட்கள் 2.5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட மழை பதிவாதல் வேண்டும். காற்றோட்டமும், வான்வெளிக்குச் செல்லும் கதிர்வீச்சின் அளவும் அதற்கு ஒத்திருத்தல் வேண்டும். அப்பொழுதே கேரளத்தில் பருவமழை தொடங்கியதாக அறிவிக்கப்படும்.

பங்குகளை வாங்கி வைத்திருப்போருக்கு இன்று கைபேசி வழியே வரும் தானியங்கி எச்சரிக்கைகளும் இத்தகைய விதிகளின் விளைவுகளே. அவை எவ்வாறு தோன்றுகின்றன, எவ்வளவு நம்பத்தக்கவை என்பதை இங்கு ஆராய்வோம்.

குறி தோன்றும் முறை

ஒருவர் பல நிறுவனங்களில் வைத்துள்ள பங்குகளின் தொகுப்பே அவருடைய முதலீட்டுத் தொகுதி எனப்படும். சந்தையிலிருந்து வரும் விலைகளைக் கணிப்பொறி இடைவிடாது பெற்று, முன்னரே குறித்து வைத்த விதியுடன் ஒப்பிடுகின்றது. விதி நிறைவேறியவுடன் செய்தி அனுப்பப்படுகின்றது. விதி, ‘விலை 90 ரூபாய்க்குக் கீழே இறங்கினால் தெரிவி’ என எளியதாக இருக்கலாம். அன்றி, ‘நகரும் சராசரியைக் கடந்தால் தெரிவி’ எனச் சற்று நுட்பமானதாகவும் இருக்கலாம். நகரும் சராசரி என்பது கடைசிச் சில நாட்களின் விலைகளுடைய சராசரியாகும். ஒவ்வொரு நாளும் புதிய விலை சேர, மிகப் பழைய விலை நீங்கும்.

ஓர் உதாரணம்

ஒரு பங்கின் விலை ஐந்து நாட்களில் முறையே 100, 102, 104, 103, 106 ரூபாய் எனக் கொள்வோம். சராசரி 103 ஆகும். ஆறாம் நாள் விலை 97 ஆக இறங்குகின்றது. கடைசி ஐந்து நாட்களின் சராசரி இப்பொழுது 102.4, விலை அதற்குக் கீழே சென்றுவிட்டதால் ‘விற்க’ என்னும் குறி தோன்றுகின்றது. ஆனால் ஏழாம் நாள் விலை 105 ஆகிறது. சராசரி 103, எனவே ‘வாங்குக’ என்னும் குறி வருகின்றது. இரு குறிகளையும் பின்பற்றியவர் 97-க்கு விற்று 105-க்கு வாங்கியவராவார். பங்கொன்றுக்கு 8 ரூபாய் நஷ்டம். தரகும் வரியும் வேறு.

பருவமழை விதியைப் போல, தொடர்ந்து இரண்டு நாட்கள் சராசரிக்குக் கீழே இருந்தால் மட்டுமே குறி காட்ட வேண்டும் என்று விதித்திருந்தால் இப்பொய்க்குறி தோன்றியிராது. எனினும் ஏழாம் நாள் விலை 105-க்குப் பதிலாக 92 ஆகியிருந்தால், அவ்விதி 97-இல் அன்றி 92-இல்தான் எச்சரித்திருக்கும். பொய்க்குறியைக் குறைத்தால் தாமதம் கூடும். தாமதத்தைக் குறைத்தால் பொய்க்குறி பெருகும். இவ்விரண்டையும் ஒருங்கே நீக்கும் விதி எதுவுமில்லை.

குறி காட்டாதவை

குறி விலையை மட்டுமே அறியும், காரணத்தை அறியாது. நிறுவனம் ஒரு பங்கை ஐந்தாகப் பிரித்தால் விலை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகும். உடைமையாளருக்கு நஷ்டம் எதுவுமில்லை. பழைய விலைகளைத் திருத்தாத பொறியோ பெருவீழ்ச்சி என அலறும். போனக்காட்டிற்குச் செல்வோர் அங்குப் பழைய தேயிலைத் தொழிற்சாலை இயக்கமிழந்து நிற்பதைக் காணலாம். ஒரு தோட்டத்தில் கொழுந்து குறைவதும் கூலி தடைப்படுவதும் விலைப்பட்டியலில் உடனே பதிவாவதில்லை. அவற்றை ஆண்டறிக்கையிலும் நேரிலும்தான் அறிய வேண்டும்.

மேலும், எச்சரிக்கை வேறு, விற்பனை வேறு. 2020 மார்ச் 23-ஆம் தேதி சந்தைக் குறியீடு 10 சதவீதம் வீழ்ந்ததும் வணிகம் 45 நிமிடங்கள் நிறுத்தப்பட்டது. அவ்வேளையில் எச்சரிக்கை பெற்றவரும் விற்க இயலவில்லை.

கவனிக்கத்தக்கவை

தவறாத குறி தருவதாகக் கூறிக் கட்டணம் கேட்போர் பலர். கட்டணம் பெற்றுப் பங்கு ஆலோசனை கூறுவோர் செபி எனப்படும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். உறுதியான இலாபம் என வாக்களித்தல் ஆகாது. 2024 செப்டம்பரில் அவ்வாரியம் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில், பங்குச் சந்தையின் முன்பேர, விருப்ப ஒப்பந்தங்களில் ஈடுபட்ட தனிநபர்களுள் 93 சதவீதத்தினர் நஷ்டமடைந்தனர். விரைந்து வாங்கி விரைந்து விற்கத் தூண்டும் குறிகளை இவ்வுண்மையோடு சேர்த்து எடைபோடுதல் நலம்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே சோதித்துக் காட்டலாம். நாளிதழிலிருந்து ஒரு பங்கின் விலையை இரண்டு மாதம் குறித்து, ஐந்து நாள் சராசரியை மாணவர் கணக்கிடட்டும். எத்தனை குறிகள் தோன்றின, அவற்றுள் எத்தனை பொய்த்தன என்று அவர்களே எண்ணட்டும். பணம் ஏதும் செலவிடாமலே, குறி என்பது மீண்டும் ஆராய்ந்து பார்க்குமாறு விடுக்கும் அழைப்பே அன்றிக் கட்டளை அன்று என்பதை அவர்கள் தெளிவாக உணர்வர்.