ஊர் மாறலாம், சிகிச்சை அறுபடலாகாது

நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்து குடியேறிய குடும்பங்கள் பல உண்டு. பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழை எடுத்துவர யாரும் மறப்பதில்லை. ஆனால் வீட்டில் ஒருவர் நீதிமன்ற உத்தரவின்பேரில் மனநல சிகிச்சை பெற்றுவந்தால், புறப்படுமுன் யாரிடம் அனுமதி கேட்கவேண்டும்? வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, ஒருவருக்கும் தெரியாமல் ஊர் மாறுகிறவர்களுக்கு நேரிடும் துன்பம் பெரிது.

முதலாவது, சட்டத்தை அறிந்துகொள்வோம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், 1999ஆம் ஆண்டின் சட்டப்படி, குற்ற வழக்கு இல்லாதவரையும் வெளிநோயாளியாகச் சிகிச்சை பெறும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் அத்தகைய ஏற்பாடு இல்லை. இங்கே அது குற்ற வழக்கின் வழியாக வருகிறது. மனநோயினால் தம் வழக்கை நடத்த இயலாத ஒருவருக்கு, மருத்துவமனையில் தங்கவேண்டிய அவசியம் இல்லையெனில், அவரைப் பிணையில் விடச் சட்டம் வழி செய்கிறது. அதற்கு நண்பரோ உறவினரோ உறுதிமொழி கொடுக்கவேண்டும்: மிக அருகிலுள்ள மருத்துவ நிலையத்தில் அவர் தவறாமல் சிகிச்சை பெறவேண்டும், அவர் தமக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாதபடி காக்கவேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 330ஆம் பிரிவில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 369ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

‘மிக அருகிலுள்ள’ என்பதைக் கவனியுங்கள். நாகர்கோவிலில் இருக்கும்வரை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகே இருந்தது. திருவனந்தபுரம் வந்தபின் ஊளம்பாறையில் 1870இல் தொடங்கிய அரசு மனநல மையம் அருகே இருக்கிறது. ஆயினும் இம்மாற்றத்தைக் குடும்பத்தார் தாங்களே செய்துகொள்ளலாகாது. உத்தரவிட்ட நீதிமன்றத்தில் முன்னதாகவே மனுக் கொடுத்து, புதிய முகவரி, புதிய மருத்துவமனை, பொறுப்பேற்பவர் பெயர் ஆகியவற்றைத் தெரிவித்து அனுமதி பெறவேண்டும். இல்லாவிடில் பிணை ரத்தாகவும் இடமுண்டு. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று கலங்கவேண்டாம். மனநோயுற்றோருக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

இரண்டாவது, சிகிச்சையில் இடைவெளி விழலாகாது. மருத்துவப் பதிவேடுகளைப் பெறுவது நோயாளியின் உரிமை. மருந்துச் சீட்டு, இரத்தப் பரிசோதனை முடிவுகள், நீதிமன்ற உத்தரவின் நகல் மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள். சிலருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கொருமுறை ஊசி போடப்படும். அடுத்த ஊசியின் தேதிக்கு முன்பே புதிய மருத்துவரைக் காண ஏற்பாடு செய்யுங்கள். புதிய ஊரின் அலைச்சலில் மாத்திரை நின்றால் நோய் திரும்பக்கூடும். அவசர ஆலோசனைக்கு 14416 என்னும் டெலி மானஸ் இலவச எண்ணில் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

இறுதியாக ஒன்று. உறுதிமொழி கொடுப்பவர் உறவினராகத்தான் இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, நண்பரும் கொடுக்கலாம். உறவினர் எல்லாரும் சொந்த ஊரிலேயே இருக்க, தனித்து வந்திறங்கும் குடும்பத்திற்கு அந்த நண்பர் யார்? ஜெபத்தில் அவர்களை நினைக்கும் சபையார், மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் உடன் செல்லலாமே! அப்படி ஒருவர் உடன் இருந்தால், அந்தக் குடும்பம் எதையும் மறைத்து வாழவேண்டியதில்லை.