சலான் புத்தகம்: குழுப் பணத்துக்குக் காவல்



ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் சீசன். முறுக்கு, ஊறுகாய், கருப்பட்டி விற்கும் நம் குழுக்களுக்கு தினமும் நோட்டும் சில்லறையுமாகப் பணம் சேரும். ஒருத்தர் வங்கியில் கட்டிவிட்டு வருவார். பிறகு, “கட்டிட்டேன்னு சொல்லுதா, சீட்டைக் காணோமே!” என்று கூட்டத்தில் பேச்சு வரும். உதிரிச் சலான் தொலைந்தால் நம்பிக்கையும் தொலையுது. இதற்கு வழி, அடிக்கட்டையோடு கூடிய சலான் புத்தகம்.

எப்படி வாங்குவது?

கூட்டத்தில் தீர்மானம் எழுதி, பிரதிநிதிகள் கையெழுத்திட்டு, கணக்கு எண்ணோடு வங்கி மேலாளரிடம் கடிதம் கொடுங்கள். கட்டணம் உண்டா, எத்தனை நாளாகும் என்று கேளுங்கள். சீசனுக்கு முன்பே கேட்பது நல்லது.

எதைப் பார்க்கணும்?

1. குழுப் பெயரும் கணக்கு எண்ணும் பாஸ் புத்தகத்தில் உள்ளபடியே அச்சாகியிருக்கணும்.

2. வங்கிப் பெயர் சரியா? பாண்டியன் கிராம வங்கி 1.4.2019 முதல் தமிழ்நாடு கிராம வங்கி ஆகிவிட்டது. பழைய சலான் வேண்டாம்.

3. நோட்டு விவரக் கட்டத்தில் 2016-ல் செல்லாமல் போன 1000 ரூபாய் இருந்தால் அதுவும் பழைய அச்சு.

4. அடிக்கட்டையிலும் தேதி, தொகை எழுத இடம் வேண்டும்.

காசோலைக்குத் தனிச் சலான் எழுதுங்கள். காசோலையில் உள்ள தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் போட்டுவிடணும்.

பணம் கட்டியதும் சீலும் கையெழுத்தும் இருக்கான்னு பார்த்த பிறகே கவுண்டரை விட்டு நகருங்கள். வாரக் கூட்டத்தில் அடிக்கட்டை, பாஸ் புத்தகம், விற்பனை நோட்டு மூன்றையும் எல்லோர் முன்னும் ஒத்துப் பார்ப்போம். பணம் கொண்டுபோன சகோதரிக்கும் அதுதான் பாதுகாப்பு.