குடல் குடலுக்குள் செருகினால்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தறியோசைக்கு நடுவே குழந்தை அழுவது புதுமையன்று. பசித்தால் அழும், எறும்பு கடித்தால் அழும். ஆனால், விளையாடிக்கொண்டிருந்த எட்டு மாதக் குழந்தை திடீரென வீறிட்டு, கால்களை வயிற்றோடு மடக்கித் துடிக்கிறது. சில நிமிடங்களில் ஓய்ந்து, சோர்ந்து கிடக்கிறது. கால் மணி நேரம் கழித்து மீண்டும் வீறிடுகிறது. இவ்விட்டுவிட்டு வரும் அழுகை எதைக் குறிக்கிறது?

பாட்டிமார் 'குடலேற்றம்' என்பர். எண்ணெய் தடவி வயிற்றை நீவுவர். உரம் விழுந்ததென்று துணியிலிட்டு உருட்டுவோரும் உண்டு. வட மாவட்டங்களில் தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிச் செல்வோரும் உண்டு. குடலில் ஏதோ இடம் மாறியிருக்கிறது என்ற அவர்கள் ஊகம் முற்றிலும் பொய்யன்று, பரிகாரந்தான் பொருந்தாது.

சட்டையைக் கழற்றும்போது அதன் கை தனக்குள்ளேயே மடிந்து புகுவதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வாறே சிறுகுடலின் கடைப்பகுதி பெருங்குடலுக்குள் செருகிக்கொள்கிறது. சளியோ வயிற்றுப்போக்கோ வந்தபின் குடற்சுவரிலுள்ள நிணத்திசு வீங்குவதும், குடலின் அசைவு அவ்வீக்கத்தை முன்னோக்கி இழுப்பதும் காரணமாகலாம். பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் நேர்வது, அரியதே. உள்ளே புகும் குடல் தன் இரத்தக்குழாய்களையும் இழுத்துச் செல்கிறது. முதலில் சிரைகள் நெரிபடும், குடல் வீங்கும், குருதியும் சளியும் கலந்து மலம் செங்கூழ்போல் வெளிப்படும். பச்சை நிற வாந்தியும் வரலாம். செங்கூழ் மலத்தைக் கண்டபின் புறப்படலாம் என்று காத்திருப்பது தவறு. அது தாமதமாகத் தோன்றும் அடையாளம். பின்னர்த் தமனியும் அடைபட்டால் குடல் அழுகும்.

1876-ல் டென்மார்க்கு நாட்டு மருத்துவர் ஹிர்ஷ்ஸ்பிரங், ஆசனவாய் வழியே நீரைச் செலுத்தி, செருகிய குடலை விடுவித்த அனுபவங்களை வெளியிட்டார். இன்றும் முறை அதுவே. நுண்ணொலிப் படத்தில் வளையத்துள் வளையமாகக் குடல் தெரிகிறது. காற்றையோ உப்புநீரையோ அளவான அழுத்தத்தில் செலுத்துவர். விரைந்து கொண்டுவரப்பட்ட குழந்தைகளிற் பெரும்பாலோருக்குக் கத்தி தேவைப்படுவதில்லை. காஞ்சியிலிருந்து எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனை சுமார் 75 கிலோமீட்டர். காலம் வீணாவது அச்சாலையிலன்று. வீட்டில் வயிறு நீவும் இரவுகளில்.

தடுப்பு மருந்தைப் பற்றியும் ஐயம் எழக்கூடும். அமெரிக்காவில் 1998-ல் வெளிவந்த ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்தொன்று, ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு குழந்தைக்கு இந்நோயை விளைத்தமையால், 1999-ல் திரும்பப் பெறப்பட்டது. தமிழகத்தில் 2017 முதல் 6, 10, 14 வாரங்களில் ஊட்டப்படுவது வேறு மருந்து. இந்தியாவில் செய்த ஆய்வில் அதனால் இந்நோய் மிகுந்ததாகக் காணப்படவில்லை. எனினும் சொட்டு மருந்து பெற்ற குழந்தை மேற்கூறியவாறு வீறிட்டால், மருந்தூட்டிய நாளையும் அழுகை தொடங்கிய மணியையும் மருத்துவரிடம் சொல்லவேண்டும்.