புனித டேவிட் கோட்டையும் யேல் குடும்ப வரலாறும்
தேவனாம்பட்டினம், கடலூர்

கெடிலம் ஆறு கடலோடு கலக்கும் இக்கரையில் எஞ்சி நிற்கும் கோட்டையின் சரித்திரத்தை ஆராயப் புகுவோர், அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால், அமெரிக்க மண்ணில் குடியேறிய ஒரு குடும்பத்தின் வம்சாவளியையும் உடன் ஆராய வேண்டியவராகின்றனர். 1690இல் மராட்டிய மன்னர் இராஜாராமிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இதனை விலைக்கு வாங்கிய சென்னை கவர்னர் எலிஹூ யேல், 1649இல் பாஸ்டன் நகரில் பிறந்தவர்.

அவருடைய பாட்டியார் ஆன், முதற்கணவர் தாமஸ் யேல் காலமானபின் தியோஃபிலஸ் ஈட்டனை மணந்து, 1637இல் குடும்பத்தோடு அமெரிக்கா சென்றார்; ஈட்டன் நியூ ஹேவன் குடியேற்றத்தை நிறுவி அதன் முதல் கவர்னரானார். ஆனின் மகன் டேவிட்டே எலிஹூவின் தந்தை. எலிஹூ சிறுபிள்ளையாயிருக்கையிலேயே குடும்பம் இங்கிலாந்து திரும்பியது; பின்னர் அவர் 1672இல் சென்னை வந்து சேர்ந்தார்.

கோட்டையை வாங்கியபோது, அங்கிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரத்தை எல்லையாகக் கொண்டு, அதற்குட்பட்ட ஊர்களையெல்லாம் கம்பெனி தனதாக்கிக்கொண்டது. அவையே ‘குண்டு கிராமங்கள்’.

யேலின் மகன் டேவிட் குழந்தைப் பருவத்திலேயே இறந்து சென்னையில் அடக்கம் செய்யப்பட்டான். 1718இல் யேல் அனுப்பிய துணிப்பொதிகளையும் 417 நூல்களையும் பெற்ற நியூ ஹேவன் கல்லூரி, நன்றியறிதலாக அவர் பெயரைச் சூடிக்கொண்டது. அவருடைய முன்னோர் பெயர்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றிக் காக்கப்பட்டுள்ளன. அவர் ஆட்சிக்காலத்தில் சென்னைத் துறையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட எளிய மக்களின் பெயர்களோ அவ்வாறு காக்கப்படவில்லை. அவர்களையும் நினைந்து இவ்விடத்தைக் காண்பதே நியாயமாகும்.