கிணற்றை ஆழப்படுத்தும் முன் நீர்க் கணக்குப் பார்ப்பது அவசியம்

தை மாதத்தில் கிணறு நிறைந்திருக்கிறது. அதை நம்பி விவசாயி 3 ஏக்கரில் நிலக்கடலை விதைக்கிறார். மாசி வரை குறையொன்றும் தெரிவதில்லை. பங்குனியில், காய் பிடிக்கும் சமயத்தில், மோட்டார் ஒரு மணி நேரம் ஓடியதும் கிணறு வறண்டுவிடுகிறது. வேறு வழியின்றிக் கடன் வாங்கி, வெடி வைத்துக் கிணற்றை 10 அடி ஆழப்படுத்துகிறார். அல்லது கிணற்றுக்குள்ளேயே துளை போடுகிறார். சில சமயம் நீர் கிடைக்கிறது. பல சமயம் கல் தூள்தான் கிடைக்கிறது. பயிரும் போய்க் கடனும் மிஞ்சுகிறது.

கோவை, ஈரோடு, சேலம், தருமபுரி போன்ற மாவட்டங்களின் கிணற்றுப் பாசனப் பகுதிகளில் பல குடும்பங்கள் கண்ட அனுபவம் இது. விதைக்கும் முன்பே நிலத்தடி நீரின் வரவு செலவைக் கணக்கிட்டால் இந்த நஷ்டத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு கயிறும், ஒரு கல்லும், ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

மழை நீர் எங்கே போகிறது?

ஓர் ஏக்கர் நிலத்தில் 1 மி.மீ. மழை பெய்தால் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. ஆண்டுக்கு 650 மி.மீ. மழை பெறும் இடத்தில் ஓர் ஏக்கரில் விழுவது 26 லட்சம் லிட்டர். கேட்பதற்கு இது பெரிய அளவுதான். ஆனால் இதில் பெரும்பகுதி மண்ணிலிருந்தும் பயிர் பச்சைகளிலிருந்தும் ஆவியாகிவிடுகிறது. ஒரு பகுதி ஓடையிலும் பள்ளத்திலும் ஓடிவிடுகிறது. எஞ்சியதே மண்ணில் ஊறி, கீழே இறங்கி, நிலத்தடி நீராகச் சேருகிறது.

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப் பாறைப் பகுதியாகும். மக்கிய பாறையும் அதிகக் களியில்லாத மண்ணும் உள்ள இடத்தில் மழையில் 100-க்குச் சுமார் 10 பங்கு நிலத்தடியில் சேருவதாகக் கணக்கிடப்படுகிறது. களி மிகுந்த இடத்தில் இது மேலும் குறையும். மக்காத கெட்டிப் பாறையில் 100-க்கு 1 பங்கு சேருவதே அரிது.

ஆக, மேலே சொன்ன 26 லட்சம் லிட்டரில் கிணற்றுக்கு வரவாகக் கிடைப்பது 2 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர்தான். ஓர் ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் ஒரு முறை நீர் பாய்ச்ச 2 லட்சம் லிட்டர் வேண்டும். அதாவது, ஓராண்டு மழை ஓர் ஏக்கரின் அடியில் சேர்த்து வைப்பது ஒரு பாய்ச்சலுக்குச் சற்றுக் கூடுதலான நீரே.

கோடை நிலக்கடலைக்கு 10 பாய்ச்சல் என்று கொண்டால், ஓர் ஏக்கர் பயிர் சுமார் 8 ஏக்கர் நிலத்தின் நீர் வரவை எடுத்துக்கொள்கிறது. கரும்புக்கு 30 பாய்ச்சல் என்றால் 23 ஏக்கரின் வரவு வேண்டும். பாய்ச்சிய நீரில் சிறிதளவு திரும்பவும் கீழே இறங்கும் என்பது உண்மை. ஏரி, கால்வாய் அருகிலுள்ள கிணறுகளுக்குக் கூடுதல் வரவு உண்டு. மற்ற இடங்களில் ஒரு விவசாயி இறைக்கும் நீர் அவருடைய நிலத்தடியிலிருந்து மட்டும் வருவதில்லை. அக்கம்பக்கத்து நிலங்களின் அடியிலிருந்தும் வருகிறது. பக்கத்துக் கிணற்றிலும் அதே நீரைத்தான் இறைக்கிறார்கள்.

பாறையில் நீர் நிற்கும் விதம்

நிலத்துக்கு அடியில் ஆறு போல நீர் ஓடுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். கடினப் பாறைப் பகுதியில் அப்படி ஓடுவதில்லை. மேலேயுள்ள மக்கிய பாறையின் நுண்ணிய இடைவெளிகளிலும், அதற்குக் கீழே கெட்டிப் பாறையின் வெடிப்புகளிலும் நீர் தங்கியிருக்கிறது. 100 கன அடி மக்கிய பாறையிலிருந்து 2 அல்லது 3 கன அடி நீர்தான் வடிந்து வரும்.

இதனால் ஓர் ஏமாற்றம் ஏற்படுகிறது. 65 மி.மீ. நீர் கீழே சேர்ந்தாலே கிணற்றின் நீர்மட்டம் 7 முதல் 10 அடி வரை உயர்ந்துவிடும். அதைப் பார்ப்பவருக்கு ஏராளமான நீர் இருப்பதாகத் தோன்றும். எந்த வேகத்தில் ஏறியதோ அதே வேகத்தில் அது இறங்கவும் செய்யும்.

கிணற்றின் அடி இன்னும் மக்கிய பாறையில் இருந்தால் ஆழப்படுத்துவதால் பயன் உண்டு. கெட்டிப் பாறை வந்துவிட்டால் வெடிப்பு அகப்பட்டால்தான் நீர். ஆழம் கூடக்கூட வெடிப்புகள் பொதுவாகக் குறைகின்றன. கோவைப் பகுதியில் ஆழ்துளைக் கிணறுகள் 1,000 அடிக்கும் கீழே போயிருக்கின்றன. அந்த ஆழத்தில் கிடைப்பது நெடுங்காலமாகச் சேர்ந்த நீர். ஓர் ஆண்டு மழையில் அது ஈடாவதில்லை.

தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு நிலத்தடி நீர் கணக்கிடப்பட்டபோது, 1,166 பிர்க்காக்களில் 462 பிர்க்காக்கள் வரவுக்கு மேல் நீரை எடுப்பவை என்று கண்டறியப்பட்டது.

கிணற்றின் ஊற்றை அளக்கும் முறை

காலையில் வழக்கம்போல் நீரை இறைத்து, மோட்டாரை நிறுத்தியதும் கல் கட்டிய கயிற்றை இறக்கி, கிணற்றின் விளிம்பிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடியில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை மோட்டாரைப் போடும் முன் மீண்டும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ஒரு நாளில் நீர் ஊறிய உயரம்.

வட்டக் கிணறானால், விட்டத்தை அடியில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, மீண்டும் 22-ஆல் பெருக்கினால், ஓர் அடி உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்பது தெரியும். சதுரக் கிணறானால் நீளத்தை அகலத்தால் பெருக்கி, 28-ஆல் பெருக்க வேண்டும்.

உதாரணமாக, 20 அடி விட்டமுள்ள கிணற்றில் ஓர் அடி உயரத்துக்கு 8,800 லிட்டர். ஒரு நாளில் 5 அடி ஊறினால் 44,000 லிட்டர். ஓர் ஏக்கருக்கு ஒரு பாய்ச்சல் கொடுக்க 5 நாட்கள் ஆகும். 10 நாளுக்கு ஒரு முறை நீர் கட்ட வேண்டிய பயிரானால், இந்தக் கிணறு 2 ஏக்கரைத் தாங்கும். மண் வாய்க்காலில் கசிந்து போவதையும் சேர்த்தால் அதற்கும் குறைவே.

இங்கு முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தையில் 5 அடி ஊறும் கிணறு பங்குனியில் 2 அடிதான் ஊறக்கூடும். ஆகவே விதைக்கும் மாதத்தின் ஊற்றைக் கொண்டு பரப்பை முடிவு செய்யக் கூடாது. பயிர் முற்றும் மாதத்தின் ஊற்றைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். இதற்கு முந்திய ஆண்டுகளின் அளவு கையில் இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை, ஒரே தேதியில் அளந்து எழுதி வருவது நன்மை பயக்கும்.

செலவைக் குறைக்கும் வழி

பங்குனி ஊற்று ஓர் ஏக்கருக்குத்தான் போதும் என்றால், ஓர் ஏக்கரில் மட்டும் நிலக்கடலை பயிரிட்டு, மீதியில் குறைந்த நீரில் விளையும் உளுந்து, பாசிப்பயறு, எள், கம்பு ஆகியவற்றுள் ஒன்றைச் சிறு பரப்பில் போடலாம். அல்லது நிலத்தைத் தரிசாக விடலாம். மூன்று ஏக்கரைக் காயவிடுவதைவிட ஓர் ஏக்கரை முழுமையாக விளைவிப்பது லாபம். சொட்டு நீர்ப் பாசனம் நீரை மிச்சப்படுத்தும். ஆனால் மிச்சமான நீரைக் கொண்டு பரப்பைப் பெருக்கினால் கிணறு முன்போலவே வற்றும்.

வரவைக் கூட்டும் வழி

கோடை மழையைப் பயன்படுத்திச் சரிவுக்குக் குறுக்கே உழுதல், வரப்பை உயர்த்துதல் ஆகியவை செலவு குறைந்த முறைகள். நிலத்தின் தாழ்ந்த மூலையில் பண்ணைக் குட்டை வெட்டலாம். சராசரியாக 40 அடி நீளம், 30 அடி அகலம், 5 அடி ஆழமுள்ள குட்டை ஒரு முறை நிறைந்தால் 1 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர் தேங்கும். பருவத்தில் மூன்று முறை நிறைந்தால், ஆவியாவது போக, பல ஆயிரம் லிட்டர் கீழே இறங்கும்.

ஓடி வரும் மழை நீரை நேராகக் கிணற்றில் விடக் கூடாது. வண்டல் படிந்து ஊற்றுக்கண் அடைபடும். கிணற்றுக்குச் சற்றுத் தள்ளி 6 அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து, அடியில் பெருங்கல், அதன்மேல் ஜல்லி, மேலே மணல் பரப்பி, குழியின் அடியிலிருந்து குழாய் மூலம் நீரைக் கிணற்றில் விட வேண்டும். ஆண்டுதோறும் பருவத்துக்கு முன் மேல் மணலை வாரிக் கழுவிப் போட வேண்டும். மாட்டுத் தொழுவ நீரும், பூச்சிமருந்து தெளித்த வயலின் நீரும் இதில் சேரக் கூடாது.

இவ்வளவும் செய்த பின்னும் ஆழப்படுத்துவது அவசியம் என்று தோன்றினால், கடன் வாங்கும் முன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகி, நிலத்தடி நீர் ஆய்வு செய்துகொள்ள வேண்டும். பல ஆண்டு நீர்மட்டக் குறிப்பு கையில் இருந்தால் ஆய்வு செய்ய வருபவருக்கும் அது பெரிதும் உதவும். ஒரே ஓடையை ஒட்டிக் கிணறு வைத்திருக்கும் நாலைந்து விவசாயிகள் சேர்ந்து அளந்து, தை மாதத்தில் கூடிப் பேசிப் பயிரை முடிவு செய்தால் எல்லாக் கிணறுகளும் சித்திரை வரை தாங்க வாய்ப்புண்டு.