புள்ளியும் மதிப்பீடும்

உரும்பிராயின் செம்மண் தோட்டத்திலே மிளகாய் நட்ட கமக்காரன், தன் உழைப்பின் பயனை அறிய அறுவடை நாள்வரை காத்திருப்பதில்லை. நாள்தோறும் வரம்பிலே நின்று செடியைப் பார்க்கின்றான். இலை சுருண்டிருப்பின் நீர்க்குறையோ, பூச்சியோ, பசளைக்குறையோ என ஆராய்ந்து அன்றே பரிகாரம் தேடுகின்றான். அறுவடையின்போது தராசிலே நிறுப்பதும் வேண்டியதே. ஆயினும் தராசு விளைவைச் சொல்லுமேயன்றி வாடிய செடியைப் பிழைக்கச் செய்யாது. கல்வியில் மதிப்பீட்டின் இயல்பும் இத்தகையதே.

அளவீடு, கணிப்பீடு, மதிப்பீடு எனும் மூன்று சொற்களும் ஒருபொருட் சொற்கள் போல வழங்கி வருகின்றன. அவை வெவ்வேறானவை. ஒரு பிள்ளை நூற்றுக்கு நாற்பது புள்ளி பெற்றது எனக் காண்பது அளவீடு. வினாவிடை, ஒப்படை, செயல்முறை, உற்றுநோக்கல் ஆகிய வழிகளாற் பிள்ளையின் கற்றலைப் பற்றிய சான்றுகளைத் திரட்டுவது கணிப்பீடு. அச்சான்றுகளைச் சீர்தூக்கி ஒரு முடிவுக்கு வருவது மதிப்பீடு.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டுமாறு கேட்ட வினாவுக்கு ஒரு பிள்ளை ஐந்தில் இரண்டு என எழுதுகின்றது. மற்றொரு பிள்ளை ஆறில் நான்கு என எழுதுகின்றது. சரியான விடை ஆறில் ஐந்து. ஆகவே இருவருக்கும் கிடைப்பது பூச்சியமே. ஆனால் இரண்டாவது பிள்ளை பொதுப்பகுதியைச் சரியாகக் கண்டு, கூட்டும்போது மட்டும் தவறியது. முதற் பிள்ளையோ மேலெண்களைத் தனியாகவும் கீழெண்களைத் தனியாகவும் கூட்டிவிட்டது. அரையோடு ஒரு பங்கு சேர்ந்தபின் வந்த விடை அரையிலும் குறைந்ததாயிருப்பதை அது உணரவில்லை. அதற்கு ஒரு தோசையைப் பங்கிட்டுக் காட்டிப் பின்னத்தின் பொருளை மீண்டும் கற்பித்தல் வேண்டும். மற்றதற்குச் சற்று நிதானம் போதும். புள்ளி ஒன்றே, மருந்து இரண்டு.

கற்பிக்கும்போதே குறையைக் கண்டு திருத்துவதை ஆக்கநிலை மதிப்பீடு என்றும், முடிவிலே பெறுபேற்றைக் கூறுவதைத் தொகுநிலை மதிப்பீடு என்றும் கல்வியியலார் வகுப்பர். இப்பாகுபாட்டை 1967இல் மைக்கேல் ஸ்கிரிவன் எனும் அறிஞர் எடுத்துரைத்தார். முன்னது கமக்காரனின் கண், பின்னது தராசு.

யாழ்ப்பாணத்தில் தராசே பெரிதாக எண்ணப்படுவதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவர். அவருள் ஒருவராகிய சி. வை. தாமோதரம்பிள்ளை வலிகாமத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்தவர். வறண்ட மண்ணில் வாழ்ந்த குடும்பங்களுக்குப் பரீட்சை ஒரு வாழ்வுப் பாதையாயிற்று. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தபின் அப்பாதையில் நடப்போர் பெருகினர். பல்கலைக்கழக இடங்களோ அந்த அளவுக்குப் பெருகவில்லை.

1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழக அனுமதியில், பேராதனைப் பொறியியற் பீடத்துக்கு 400 புள்ளிகளில் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 என்றும், சிங்களமொழி மூல மாணவருக்கு 227 என்றும் வெட்டுப்புள்ளிகள் விதிக்கப்பட்டன. 240 புள்ளி பெற்ற இருவருள் ஒருவருக்குக் கதவு திறந்தது, மற்றவருக்கு அடைபட்டது. அளவீடு ஒன்றாயிருக்க மதிப்பீடு இரண்டாயிற்று. அதனால் எழுந்த மனப்புண் ஒரு தலைமுறையோடு ஆறவில்லை.

2001இல் இசட் புள்ளி முறை வந்தது. ஒருவரின் புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, எஞ்சியதை நியம விலகலால் வகுத்துப் பெறுவது அது. சராசரி 50, நியம விலகல் 10 ஆகவுள்ள பாடத்தில் 60 பெற்றவரும், சராசரி 40, நியம விலகல் 10 ஆகவுள்ள பாடத்தில் 50 பெற்றவரும் சமமாவர். எண்ணின் பொருள் அது எந்தக் கூட்டத்தோடு ஒப்பிடப்படுகின்றது என்பதிலே தங்கியுள்ளது. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையிற் பழைய பாடத்திட்டத்தினரையும் புதிய பாடத்திட்டத்தினரையும் ஒன்றாகச் சேர்த்துக் கணித்தமையை 2012இல் உயர் நீதிமன்றம் ஏற்காமைக்கு இதுவே அடிப்படை.

இவையெல்லாம் தெரிவு செய்வதற்கான கணக்குகள். இடம் குறைவாகவும் விரும்புவோர் பலராகவும் உள்ளபோது நேர்மையான தெரிவு இன்றியமையாதது. ஆனால் தெரிவின் நிழல் பத்து வயதுப் பிள்ளையின் வகுப்பறையிலும் விழுகின்றது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வறிய பிள்ளைக்கு உதவிப்பணமும் பெரிய பாடசாலையில் இடமும் கிடைக்க வழி செய்கின்றது. அந்த நோக்கம் நன்று. எனினும் வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்த பிள்ளை, நான்கு ஆண்டுகளுக்கு மேலாகக் கற்றதனைத்தும் வீணெனக் கருதி வீட்டின் மூலையிலே ஒடுங்குமாயின், பெற்றார் தராசைத் தீர்ப்பாக எண்ணிவிட்டனர் என்பதே பொருள்.

பாடசாலை மட்டக் கணிப்பீடு இக்குறையை நீக்கும் எண்ணத்தோடு வகுக்கப்பட்டதாகும். அதுவும் பதிவேட்டை நிரப்பும் வேலையாகச் சுருங்கினாற் பயனில்லை. கற்பிக்கும் நோக்கத்தைத் தெளிதல், அதற்கேற்ற வினாவைக் கேட்டல், பிழையின் காரணத்தைக் காணல், மீளக் கற்பித்தல், மீண்டும் வினாவுதல் ஆகிய ஐந்து படிகளும் நிறைவுறும்போதே கணிப்பீடு முழுமை பெறும்.

பிள்ளை பெறுபேற்றுத் தாளோடு வீடு திரும்பும்போது “எத்தனை புள்ளி?” என்பது முதற் கேள்வியாவது இயல்பு. அதனோடு “எந்த வினா பிழைத்தது? ஏன் பிழைத்தது?” என்றும் பெற்றார் அமைதியாகக் கேட்பாராயின், அவ்வீட்டிலே மதிப்பீடு தொடங்கிவிட்டது எனலாம். இலை சுருண்ட செடியைக் கமக்காரன் வைவதில்லை. வேரடியைக் கிளறிப் பார்க்கின்றான்.