சிவப்புப் புள்ளி

கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் ஒரே நேர்கோட்டில் வைத்துக் கடலில் இடம் பார்ப்பது மன்னார் மீனவருக்குப் பழகிய வித்தை. போட்டிக் கைத்துப்பாக்கியில் வேலை இன்னும் கடினம். துப்பாக்கியின் மேலுள்ள பின்குறி, முன்குறி, எதிரே உள்ள இலக்கு மூன்றும் ஒரே கோட்டில் வரவேண்டும். கண்ணோ ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகக் காணும். இந்தச் சிரமத்தைப் போக்கியது சிவப்புப் புள்ளிக் குறிநோக்கி. சிறு விளக்கின் ஒளி வளைந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பி, தொலைவில் மிதக்கும் புள்ளியாகத் தெரியும். இதை லேசர் என்று பலர் நினைப்பது தவறு. இலக்கின்மேல் எந்த ஒளியும் விழாது. 1900-இல் டப்ளினில் ஹோவர்ட் கிரப் வகுத்த தத்துவம் இது. ஓடியாடிச் சுடும் போட்டிகளில் இந்தக் குறிநோக்கிக்குத் தனிப் பிரிவே உண்டு. ஆனால் ஒலிம்பிக் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் இதற்கு அனுமதி இல்லை. 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்ற இந்தியாவின் மனு பாக்கர், வெறும் முன்குறி பின்குறி பார்த்தே சுட்டார்.